கேம் அக்கவுண்டில் ஏதோ சரியில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

பாஸ்வேர்டை மாற்றத்தான் இங்கே வந்திருக்கிறீர்கள் என்றால் ஒரு நிமிடம் பொறுங்கள். மாற்றத்தான் வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் எந்தக் கருவியில் உட்கார்ந்து மாற்றுகிறோம், எதை முதலில் மாற்றுகிறோம் என்பதில் தவறிப்போய் ஒரே அக்கவுண்டை இரண்டு முறை பறிகொடுப்பவர்கள் நிறைய. என் தம்பிக்கு அப்படித்தான் ஆனது. மோட் (கேமில் மாற்றம் செய்ய ரசிகர்கள் உருவாக்கும் ஃபைல்) என்று நம்பி எதையோ டவுன்லோடு செய்து ஓட்டியிருக்கிறான், ஒரு மணி நேரத்தில் அவனுடைய ஷூட்டர் கேம் அக்கவுண்ட் போய்விட்டது. எப்படியோ ரீசெட் செய்து உள்ளே போய் அதே கம்ப்யூட்டரில் புதுப் பாஸ்வேர்டு போட்டான், அன்று இரவே அதுவும் போனது, கூடவே மெயிலும். திருடன் வீட்டுக்குள்ளேயே இருக்கும்போது வாசல் பூட்டை மாற்றி என்ன பயன்?

அதனால் முதலில் பார்க்க வேண்டியது, மூன்றில் எது போயிருக்கிறது என்பதை. பாஸ்வேர்டு மட்டும் போயிருக்கலாம், இது இருப்பதிலேயே சுலபம். இரண்டாவது, செஷன். ஒருமுறை லாகின் செய்ததும் "இவர் ஏற்கெனவே உள்ளே வந்தவர்தான்" என்று தளம் உங்கள் பிரவுசரிடமோ ஆப்பிடமோ ஒரு சீட்டைக் கொடுத்து வைக்கும், குக்கீ என்றும் டோக்கன் என்றும் சொல்வது அதைத்தான். அந்தச் சீட்டு யார் கையில் இருக்கிறதோ அவரிடம் பாஸ்வேர்டும் கேட்காது, ஓடிபியும் கேட்காது. மூன்றாவது, கம்ப்யூட்டரே போயிருக்கலாம், அதாவது திருடும் புரோகிராம் ஒன்று அதில் ஓடிக்கொண்டிருக்கலாம். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

கீழே உங்களுக்குப் பொருந்தும் அறிகுறிக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் ஃபைலை ஓட்டியவர்களுக்கான பகுதியை மட்டும், உங்களுக்கு எதுவும் நடக்காவிட்டாலும், படித்துவிடுங்கள்.

அறிகுறி: நான் கேட்காமலேயே லாகின் கோடு வருகிறது

பதறாதீர்கள், இது கதவு தட்டும் சத்தம்தான், யாரும் இன்னும் உள்ளே வரவில்லை. ஆனால் எந்தத் தளத்திலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து அர்த்தம் மாறும். கம்ப்யூட்டர் கேம்கள் விற்கும் ஸ்டீம் தளத்திலிருந்து மெயிலில் ஸ்டீம் கார்டு (அட்டை இல்லை, பாஸ்வேர்டுக்குப் பிறகு வரும் காவல்) கோடு வந்தால், யாரோ உங்கள் பெயரையும் சரியான பாஸ்வேர்டையும் போட்டுவிட்டு அடுத்த படியில் நிற்கிறார்கள் என்று பொருள், ஏனென்றால் பாஸ்வேர்டு சரியாக இருந்தால்தான் அந்தக் கோடே கிளம்பும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் அப்படியில்லை. உங்கள் மெயில் முகவரி தெரிந்த யாரும் ஒருமுறைக் கோடு கேட்க முடியும், ஆகவே அந்தக் கோடு வந்ததை மட்டும் வைத்துப் பாஸ்வேர்டு போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம்.

பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான்: வேறு எங்கோ ஒரு தளம் உடைக்கப்பட்டிருக்கும், அங்கேயும் இதே பாஸ்வேர்டைத்தான் வைத்திருந்திருப்பீர்கள், அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கேம் தளத்திலும் போட்டுப் பார்க்கும் புரோகிராம்கள் இருக்கின்றன. டிராய் ஹன்ட் 2013-ல் தொடங்கிய ஹேவ் ஐ பீன் போன்ட் தளத்தில் உங்கள் மெயில் முகவரியைக் கொடுத்தால் எந்தெந்தக் கசிவுகளில் அது வந்திருக்கிறது என்று காட்டும்.

செய்ய வேண்டியது: வந்த மெயிலில் இருக்கும் எந்த லிங்க்கையும் தொடாமல், ஆப்பைத் திறந்தோ முகவரியை நீங்களே டைப் செய்தோ உள்ளே போய், வேறெங்கும் பயன்படுத்தாத ஒரு பாஸ்வேர்டை வையுங்கள். லிங்க்கைத் தொட வேண்டாம் என்பதற்குக் காரணம், "உங்கள் கணக்கில் யாரோ நுழைய முயன்றார்கள்" என்ற மெயிலே போலியாக இருக்கலாம், பயத்தில் கைபோவது அந்தப் பட்டனில்தான்.

அறிகுறி: நண்பர் அனுப்பிய லிங்க்கில் லாகின் செய்துவிட்டேன், இப்போது உறுத்துகிறது

உறுத்தல் வந்ததே நல்லது. "எங்கள் டீமுக்கு ஓட்டுப் போடு", "டோர்னமென்ட்டில் ஒரு ஆள் குறைகிறது, பதிவு செய்", "நைட்ரோ இலவசமாகக் கிடைக்கிறது" என்று வந்திருக்கும் (நைட்ரோ என்பது கேம் ஆடுபவர்கள் பேசிக்கொள்ளும் டிஸ்கார்டு ஆப்பின் கட்டணச் சந்தா). அனுப்பியவர் நண்பர்தானே என்று நம்பியிருப்பீர்கள். நண்பரின் அக்கவுண்ட்தான், ஆனால் அதை ஓட்டுபவர் நண்பர் இல்லை. ஃபிஷிங், அதாவது போலிப் பக்கம் காட்டிப் பாஸ்வேர்டைப் பறிப்பது, ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குத் தாவுவதே இப்படித்தான். அதனால் அந்த நண்பரை வேறு வழியில், போன் செய்தே, கேட்டுவிடுங்கள், பாவம் அவருக்கே இன்னும் தெரியாமல் இருக்கலாம்.

பலரும் சொல்வது, "நான் முகவரியைப் பார்த்துத்தான் லாகின் செய்தேன், சரியான முகவரிதான் இருந்தது" என்பது. அவர்கள் பொய் சொல்லவில்லை. போலித் தளத்தில் "ஸ்டீம் வழியாக உள்நுழை" என்ற பட்டனை அழுத்தியதும் ஒரு சின்ன விண்டோ திறக்கும், அதன் மேலே பூட்டுப் படம், சரியான முகவரி, மூடும் பெருக்கல் குறி, எல்லாம் இருக்கும். அது விண்டோவே இல்லை. அந்தப் பக்கத்துக்குள் வரையப்பட்ட படம், முகவரிப் பட்டையும் சேர்த்து. 2022 மார்ச்சில் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் இந்த உத்தியை விளக்கிக் காட்டினார், அதே ஆண்டு செப்டம்பரில் குரூப்-ஐபி நிறுவனம் ஸ்டீம் பயனர்கள்மேல் இது பயன்படுவதை வெளியிட்டது, இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது.

கண்டுபிடிப்பது சுலபம், ஒருமுறை கையால் செய்து பார்த்தால் மறக்காது. அந்தச் சின்ன விண்டோவின் தலைப்பட்டையைப் பிடித்து இழுத்து, பெரிய பிரவுசர் விண்டோவின் ஓரத்தைத் தாண்டி டெஸ்க்டாப்புக்குக் கொண்டுபோகப் பாருங்கள். உண்மையான விண்டோ என்றால் வெளியே வந்துவிடும். போலி என்றால் ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்கும், அல்லது சுவருக்குள் போவதுபோல் பாதி மறையும். இன்னொன்று, கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு பிளஸை அழுத்தினால் பக்கத்தின் எழுத்தெல்லாம் பெரிதாகும், கூடவே அந்த "முகவரிப் பட்டையும்" பெரிதானால் அது பக்கத்தின் ஒரு பகுதி என்று அர்த்தம். பாஸ்வேர்டு மேனேஜர் வைத்திருப்பவர்களுக்கு இந்த வேலையே இல்லை, தளத்தின் பெயர் பொருந்தாவிட்டால் அது தானாக நிரப்பாது. எப்போதும் நிரப்பும் இடத்தில் இன்று நிரப்பவில்லை என்றால், கையால் டைப் செய்யாதீர்கள், அங்கேயே நிறுத்துங்கள். போனில் இந்த இழுத்துப் பார்க்கும் சோதனை நடக்காது, அதனால் போனில் வந்த லிங்க் வழியாக லாகின் செய்வதையே விட்டுவிடுவது நல்லது.

சாதாரணப் போலி முகவரிகளுக்கு: எம் எழுத்துக்குப் பதிலாக ஆர், என் இரண்டையும் ஒட்டிவைப்பார்கள், ஐ இருக்கும் இடத்தில் சின்ன எல் வைப்பார்கள். சின்ன எழுத்தில் கண் ஏமாந்துவிடும். முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் இருக்கும் பகுதியை எடுத்துக்கொண்டு பின்னாலிருந்து படியுங்கள், கடைசிப் புள்ளியை ஒட்டி இடப்பக்கம் இருக்கும் சொல்தான் பெரும்பாலும் தளத்தின் நிஜப் பெயர், அதற்கு முன்னால் எவ்வளவு அழகான பெயர் இருந்தாலும் கணக்கில்லை.

சரி, லாகின் செய்தாகிவிட்டது. இப்போது பாஸ்வேர்டும் அவர்களிடம், நீங்கள் போட்ட கோடும் அவர்களிடம், ஆக அவர்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கம்ப்யூட்டரில் எதையும் டவுன்லோடு செய்து ஓட்டவில்லை என்றால் அது சுத்தம், அதிலிருந்தே வேலையைத் தொடங்கலாம். பாஸ்வேர்டை மாற்றுங்கள். உடனே "எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்று" என்ற வசதியைத் தேடி அழுத்துங்கள், ஸ்டீமில் ஸ்டீம் கார்டு அமைப்புக்குள்ளும் டிஸ்கார்டில் கருவிகள் என்ற பகுதியிலும் இருக்கிறது. பிறகு அக்கவுண்டில் இருக்கும் மெயிலும் போன் நம்பரும் உங்களுடையதுதானா என்று பாருங்கள். ஸ்டீம் என்றால் இன்னொரு வேலையும் உண்டு, டிரேடு பற்றிய பகுதியில் சொல்கிறேன், அதை விட்டுவிடாதீர்கள்.

அறிகுறி: டிஸ்கார்டு சர்வரில் (குழுவில்) சேர கியூஆர் கோடை ஸ்கேன் செய்யச் சொன்னார்கள், செய்தேன்

டிஸ்கார்டு ஆப்பில் கியூஆர் ஸ்கேன் என்பது ஒரே ஒரு வேலைக்கு: இன்னொரு கம்ப்யூட்டரில் உங்களை லாகின் செய்ய. அந்த இன்னொரு கம்ப்யூட்டர் திருடனுடையது. போனில் ஏற்கெனவே உள்ளே இருப்பதால் டூ ஃபேக்டர் (பாஸ்வேர்டோடு கோடும் கேட்கும் இரண்டாம் பூட்டு) எதுவும் குறுக்கே வராது. உடனே பாஸ்வேர்டை மாற்றுங்கள், மாற்றியதும் பழைய டோக்கன்கள் செல்லாமல் போய்விடும். ஸ்டீமின் கியூஆர் லாகினிலும் இதே ஏமாற்று நடக்கிறது. நீங்களே உங்கள் கம்ப்யூட்டரில் திறந்த லாகின் பக்கத்தில் வரும் கியூஆரைத் தவிர வேறு எதையும் ஸ்கேன் செய்ய வேண்டிய அவசியமே கிடையாது.

இதோடு சேர்ந்தது, "வெரிஃபை செய்ய இந்தப் பட்டனை புக்மார்க் பட்டைக்கு இழுத்து விடு, பிறகு அதை கிளிக் செய்" என்பது. அது புக்மார்க் இல்லை, உங்கள் டோக்கனை எடுத்து அனுப்பும் ஜாவாஸ்கிரிப்ட். மருந்து அதேதான்.

அறிகுறி: டூ ஃபேக்டர் எல்லாம் போட்டிருந்தேன், ஆனாலும் உள்ளே வந்துவிட்டார்கள். அல்லது, ஒரு ஃபைலை ஓட்டினேன், எதுவும் திறக்கவில்லை

எனக்கு மிகவும் கவலை தரும் பகுதி இது, ஏனென்றால் "ஒன்றும் திறக்கவில்லை, பிழைச் செய்தி வந்தது, அழித்துவிட்டேன்" என்று நிம்மதியாக இருப்பவர்களுக்குத்தான் அடுத்த நாள் எல்லாமே போகிறது. திறக்காமல் போனதாகக் காட்டிய அந்தச் சில நொடிகளில் அது வேலையை முடித்திருக்கும்: பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், குக்கீகள், டிஸ்கார்டு டோக்கன், ஸ்டீம் செஷன், கிரிப்டோ வாலட் இருந்தால் அதுவும். இந்த வகைக்கு இன்ஃபோஸ்டீலர் என்று பெயர். ரெட்லைன், லுமா எல்லாம் இந்தக் குடும்பம்தான். ரெட்லைனின் சர்வர்களை 2024 அக்டோபரில் பல நாட்டுப் போலீசார் சேர்ந்து முடக்கினார்கள், 2025 மே மாதம் லுமாவின்மேல் கை வைத்தார்கள். அதோடு இந்தத் தொழில் நின்றுவிடவில்லை.

எப்படி வரும்? "நான் ஒரு கேம் செய்திருக்கிறேன், கொஞ்சம் விளையாடிப் பார்த்துச் சொல்லு" என்று நண்பரின் பெயரில். ஜிப் ஃபைலாக இருக்கும், அதற்கு ஒரு பாஸ்வேர்டு இருக்கும், அந்தப் பாஸ்வேர்டையும் அதே மெசேஜில் எழுதியிருப்பார்கள். ரகசியம் காக்க வைத்த பாஸ்வேர்டு இல்லை அது, வைரஸ் ஸ்கேனர் உள்ளே பார்க்க முடியாமல் இருக்க வைத்தது. சீட், கிராக், ஃபிரீ ஸ்கின் டூல் என்று யூடியூப் வீடியோவின் கீழேயும் இருக்கும், அங்கே "ஆன்டிவைரஸ் தவறாகக் காட்டும், ஆஃப் செய்துவிட்டு ஓட்டவும்" என்ற வரி கண்டிப்பாக இருக்கும். அந்த ஒரு வரி போதும், மூடிவிட்டு வெளியே வரலாம். விண்டோஸில் ஃபைல் பெயரின் நீட்டிப்பு மறைந்திருக்கும்படிதான் முதலில் இருக்கும், ஃபைல் எக்ஸ்புளோரரின் வியூ மெனுவில் போய் அதைத் தெரியும்படி வையுங்கள். படம் என்று வந்த ஃபைலின் பெயர் எஸ்சிஆர் என்றோ எக்ஸ்இ என்றோ முடிந்தால் அது படம் இல்லை.

சமீபகாலமாக இன்னொன்று. "நான் ரோபோ இல்லை" என்று நிரூபிக்கச் சொல்லும் பக்கம் வரும், வழக்கமான படக் கட்டங்கள் இருக்காது, அதற்குப் பதிலாக விண்டோஸ் கீயோடு ஆர் கீயை அழுத்து, பிறகு கன்ட்ரோல் வி, பிறகு என்டர் என்று மூன்று படி சொல்லும். முதல் படியில் ரன் பெட்டி திறக்கும், இரண்டாவதில் அந்தப் பக்கம் உங்களுக்குத் தெரியாமல் காப்பி செய்து வைத்த கட்டளை அதில் விழும், மூன்றாவதில் நீங்களே அதை ஓட்டிவிடுவீர்கள். எந்த நிஜமான கேப்ச்சாவும் பிரவுசரை விட்டு வெளியே வந்து எதையும் செய்யச் சொல்லாது.

பெரிய கடையில்தானே வாங்கினேன் என்பதும் முழுப் பாதுகாப்பு இல்லை, இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். 2023 ஜூனில் ஃப்ராக்சரைசர் என்ற வைரஸ், கர்ஸ்ஃபோர்ஜ் என்ற மோட் தளத்தில் மைன்கிராஃப்ட் மோட்கள் வழியாகப் பரவியது, மோட் செய்தவர்களின் கணக்குகளைக் கைப்பற்றி அதில் ஏற்றியிருந்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 25 அன்று ஸ்லே தி ஸ்பையர் கேமின் டவுன்ஃபால் என்ற மோட், ஸ்டீமிலேயே, அப்டேட் வழியாகத் திருடும் புரோகிராமைக் கொண்டுவந்தது. 2025 பிப்ரவரியில் பைரேட்ஃபை என்ற இலவச கேமில் வைரஸ் இருப்பது தெரிந்து, ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் அதை நீக்கியது, ஓட்டியவர்களுக்கு முழு ஸ்கேன் செய்யச் சொல்லியும், விண்டோஸை அழித்து மறுபடி நிறுவுவதைப் பற்றி யோசிக்கச் சொல்லியும் செய்தி அனுப்பியது. வால்வ் சொன்னதைக் கவனியுங்கள்: ஃபைலை அழித்தால் போதும் என்று சொல்லவில்லை.

இனி வரிசை. இதில் வரிசைதான் எல்லாம்.

முதலில் அந்தக் கம்ப்யூட்டரின் நெட்டைத் துண்டியுங்கள், வயரைப் பிடுங்குங்கள் அல்லது வைஃபையை ஆஃப் செய்யுங்கள். அதை அப்படியே விட்டுவிட்டு போனையோ வேறு யாருடைய சுத்தமான கம்ப்யூட்டரையோ எடுங்கள். அதிலிருந்து முதலில் மெயில், கேம் இல்லை, மெயில். மற்ற எல்லா அக்கவுண்டின் ரீசெட் சாவியும் மெயிலில்தான் வந்து விழும், அது அவர்கள் கையில் இருக்கும்வரை நீங்கள் மாற்றும் ஒவ்வொரு பாஸ்வேர்டையும் அவர்கள் திரும்ப மாற்றலாம். மெயிலின் பாஸ்வேர்டை மாற்றி, எல்லாச் செஷன்களையும் வெளியேற்றி, மீட்புக்கான மெயிலும் போன் நம்பரும் உங்களுடையதா என்று பார்த்து முடித்த பிறகு வங்கி, பணம் சம்பந்தப்பட்டவை, அப்புறம்தான் கேம் அக்கவுண்டுகள், டிஸ்கார்டு. பிரவுசரில் சேமித்து வைத்திருந்த ஒவ்வொன்றும் போய்விட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டு வருடமாகத் தொடாத அக்கவுண்டாக இருந்தாலும்.

அப்புறம் கம்ப்யூட்டர். மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டரில் ஆஃப்லைன் ஸ்கேன் என்று ஒன்று இருக்கிறது, விண்டோஸ் முழுதாக எழும்புவதற்கு முன்பே ஓடும், அதனால் ஒளிந்திருப்பதும் சிக்கலாம். டிஃபெண்டர் அமைப்பில் விலக்குகள் பட்டியலையும் பாருங்கள், நீங்கள் சேர்க்காத ஃபோல்டரோ முழு சி டிரைவோ அங்கே இருந்தால், உள்ளே வந்தது காவல்காரனின் கண்ணைக் கட்டிவிட்டுத்தான் வேலை செய்திருக்கிறது. ஆனால் என் கருத்தைக் கேட்டால், ஸ்கேன் சுத்தம் என்று சொன்னாலும் விண்டோஸை அழித்து நிறுவிவிடுங்கள். ஒரு நாள் வேலைதான். படங்கள், ஆவணங்கள், கேம் சேவ்கள் இவற்றை மட்டும் எடுத்து வையுங்கள், எந்த எக்ஸ்இ ஃபைலையும் மோட் ஃபோல்டரையும் எடுத்துவர வேண்டாம். ஏதோ காரணத்தால் அழிக்க முடியாது என்றால் குறைந்தபட்சம் டிஸ்கார்டை முழுதாக நீக்கி மறுபடி போடுங்கள், சில வைரஸ்கள் டிஸ்கார்டின் சொந்த ஃபைலுக்குள்ளேயே தங்கள் வரிகளை எழுதிவைத்து, நீங்கள் பாஸ்வேர்டு மாற்றும்போதெல்லாம் புதியதை அனுப்பிக்கொண்டிருக்கும். தம்பியின் கம்ப்யூட்டரிலும் இப்படி ஏதோ ஒன்று உள்ளேயே உட்கார்ந்திருந்தது என்று பிறகுதான் புரிந்தது.

அறிகுறி: நண்பருக்கு டிரேடு அனுப்பினேன், ஸ்கின் வேறு யாருக்கோ போய்விட்டது

ஸ்டீமில் நடப்பது இது. டிரேடு என்றால் கேம் பொருள்களைப் பரிமாறிக்கொள்வது, ஸ்கின் என்றால் கேமில் துப்பாக்கி போன்றவற்றின் தோற்றத்தை மாற்றும் பொருள். முன்பு எப்போதோ ஒரு போலித் தளத்தில் லாகின் செய்திருப்பீர்கள், அன்று எதுவும் போகவில்லை, மறந்தும் போயிருப்பீர்கள். அன்று உள்ளே வந்தவர் உங்கள் அக்கவுண்டில் வெப் ஏபிஐ கீ (ஒரு புரோகிராம் உங்கள் கணக்கோடு பேச உதவும் சாவி) ஒன்றைப் பதிவு செய்துவிட்டுப் போயிருக்கிறார். அந்தக் கீயை வைத்துக்கொண்டு அவருடைய புரோகிராம் உங்கள் டிரேடுகளைப் பார்த்துக்கொண்டே இருக்கும். நல்ல ஸ்கின் ஒன்றை நீங்கள் அனுப்பியதும் அந்த டிரேடை ரத்து செய்துவிட்டு, உங்கள் நண்பரின் பெயரும் படமும் அப்படியே ஒட்டிய வேறொரு அக்கவுண்டிலிருந்து அதே மாதிரி டிரேடை அனுப்பும். போனில் உறுதி செய்யும் பட்டனை அழுத்துவது நீங்கள்தான்.

ஸ்டீமின் வெப் ஏபிஐ கீ பக்கத்துக்குப் போங்கள். நீங்கள் புரோகிராம் எழுதுபவராக இல்லாவிட்டால் அங்கே எந்தக் கீயும் இருக்கக் கூடாது, இருந்தால் நீக்குங்கள். ஆனால் பாஸ்வேர்டை மாற்றி மற்ற கருவிகளையெல்லாம் வெளியேற்றிய பிறகு நீக்குங்கள், இல்லையென்றால் இன்னொன்றைப் போட்டுவிடுவார்கள். டிரேடு லிங்க்கையும் (பிறர் உங்களுக்கு டிரேடு அனுப்பும் முகவரி) புதிதாக உருவாக்கிக்கொள்ளுங்கள்.

போன பொருள் திரும்புமா? ஏமாந்து கொடுத்த பொருள்களை ஸ்டீம் சப்போர்ட் திருப்பித் தருவதில்லை என்பதுதான் அவர்களுடைய கொள்கை. ஒரே ஒரு நல்ல மாற்றம், 2025 ஜூலையில் கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 பொருள்களுக்கு டிரேடு பாதுகாப்பு வந்தது: 7 நாளுக்குள் என்றால் நீங்களே டிரேடுகளைத் திருப்ப முடியும். ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க முடியாது, அந்த 7 நாளில் நடந்த பாதுகாக்கப்பட்ட டிரேடுகள் எல்லாம் திரும்பும், அக்கவுண்டுக்கு 30 நாள் டிரேடு தடையும் விழும். பரவாயில்லை. ஆகவே நாளை எண்ணிக்கொண்டிருக்காமல் உடனே போங்கள்.

இனி ஒவ்வொரு டிரேடையும் உறுதி செய்யும்போது எதிரே இருப்பவரின் பெயரையும் படத்தையும் பார்க்காதீர்கள், அவை இரண்டையும் யாரும் நகலெடுக்கலாம். அவருடைய ஸ்டீம் லெவலையும் எப்போது கணக்குத் தொடங்கினார் என்பதையும் பாருங்கள்.

அறிகுறி: "தெரியாமல் உன்னை ரிப்போர்ட் பண்ணிட்டேன்" என்று ஒருவர் வந்து நிற்கிறார்

பேச்சு இப்படித் தொடங்கும். "ப்ரோ, ஒரு விஷயம், கோவிச்சுக்காத. என் ஸ்கினை ஒருத்தன் ஏமாத்தி வாங்கிட்டான். அவன் பேரும் உன் பேரும் ஒரே மாதிரி இருந்துச்சு, தப்பா உன் அக்கவுண்ட்டை ரிப்போர்ட் பண்ணிட்டேன். இன்னிக்குள்ள உன்னை பேன் பண்ணிடுவாங்கன்னு சொல்றாங்க. அட்மின்கிட்ட பேசினா சரியாயிடும், இந்தா அவர் ஐடி." அவர் குரலில் நிஜமாகவே வருத்தம் இருக்கும். அந்த "அட்மின்" டிஸ்கார்டில் இருப்பார், பெயரில் நிறுவனத்தின் பெயர், படத்தில் லோகோ, கேட்டால் வேலை அடையாளச் சான்றிதழ் என்று ஒரு படம்கூட அனுப்புவார். பிறகு, "சரிபார்க்க உன் அக்கவுண்டின் மெயிலை இதற்கு மாற்று", "வந்த கோடை ஸ்கிரீன்ஷாட் எடு", "கிஃப்ட் கார்டு வாங்கி நம்பரை அனுப்பு, செக் செய்துவிட்டுத் திருப்பித் தருகிறோம்".

எதற்கும் பதில் சொல்ல வேண்டாம், இருவரையும் பிளாக் செய்தால் போதும். வால்வ் ஊழியர்கள் டிஸ்கார்டிலோ சாட்டிலோ அக்கவுண்ட் பிரச்சினை பேச வருவதில்லை, ஸ்டீம் சப்போர்ட் என்பது அவர்களுடைய உதவித் தளத்தில் நீங்கள் திறக்கும் டிக்கெட்டில் மட்டும்தான். நிஜமாகவே யாராவது உங்களை ரிப்போர்ட் செய்தாலும் அதைத் திரும்பப் பெற நீங்கள் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. இதில் ஏமாந்தவர்களை முட்டாள் என்று திட்டுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். இரவு பதினொன்றரைக்கு, ஐந்து வருடம் சேர்த்த அக்கவுண்ட் இன்னும் இருபது நிமிடத்தில் போய்விடும் என்று ஒருவன் கடிகாரம் வைத்து மிரட்டினால் யாருக்கும் கை நடுங்கும்.

அறிகுறி: பழைய இன்வைட் லிங்க்கில் போனேன், சர்வர் வேறு மாதிரி இருக்கிறது

காலாவதியான டிஸ்கார்டு இன்வைட் லிங்க்கின் எழுத்துகளை வேறொருவர் தன் சர்வருக்கு எடுத்துக்கொள்ள முடியும் என்பதை 2025 ஜூனில் செக் பாயின்ட் நிறுவனம் காட்டியது. உள்ளே நுழைந்ததும் "வெரிஃபை" என்று ஒரே ஒரு சேனல் மட்டும் தெரிந்தால் எதையும் அழுத்தாமல் வெளியேறுங்கள். அந்த கேமின் அதிகாரத் தளத்தில் இப்போது இருக்கும் லிங்க்கை எடுத்துக்கொள்ளலாம்.

அறிகுறி: குழந்தை "இலவச ரோபக்ஸ்" பக்கத்தில் பாஸ்வேர்டு போட்டுவிட்டது

திட்டாதீர்கள், முதலில். திட்டினால் அடுத்த முறை உங்களிடம் சொல்லாது, சொல்லாமல் போகும் அந்த ஒரு நாள்தான் ஆபத்து. ரோப்லாக்ஸ் கேம் தளத்தில் பணமாகப் பயன்படும் ரோபக்ஸை உருவாக்கித் தரும் ஜெனரேட்டர் என்று எதுவும் கிடையாது, ரோப்லாக்ஸே இதைத் தெளிவாகச் சொல்கிறது. பாஸ்வேர்டை மாற்றி, மற்ற எல்லாச் செஷன்களையும் வெளியேற்றுங்கள்.

குழந்தையிடம் இன்னொன்றையும் கேளுங்கள்: பிரவுசரில் எஃப்12 அழுத்தி ஏதாவது காப்பி செய்து யாருக்காவது அனுப்பியதா? ரோப்லாக்ஸின் லாகின் குக்கீ, "எச்சரிக்கை, இதைப் பகிராதே, பகிர்ந்தால் மற்றவர் உன் பெயரில் நுழைந்து ரோபக்ஸையும் பொருள்களையும் திருட முடியும்" என்று ஆங்கிலத்தில் எழுதியபடியேதான் தொடங்கும். பத்து வயதுப் பிள்ளை அதைப் படிக்காது, "இந்தக் கோடை அனுப்பு, உன் அவதாரை காப்பி செய்து தருகிறேன்" என்றால் அனுப்பிவிடும். பக்கத்தில் உட்கார்ந்து அந்த வரியைக் காட்டிப் படித்துச் சொல்லுங்கள்.

போனில் மோட் செய்த ஏபிகே (ஆண்ட்ராய்டு ஆப்பை நிறுவும் ஃபைல்) நிறுவியிருந்தால், அணுகல்தன்மை அனுமதி கேட்டதா என்று பாருங்கள். கேமுக்கு அது தேவையே இல்லை, கொடுத்திருந்தால் அந்த ஆப் திரையில் வருவதையெல்லாம் படிக்க முடியும். அனுமதியை எடுத்துவிட்டு ஆப்பை நீக்குங்கள், பாஸ்வேர்டுகளை வேறு கருவியிலிருந்து மாற்றுங்கள்.

அறிகுறி: மெயிலும் மாறிவிட்டது, உள்ளே போகவே முடியவில்லை

மெயில் மாறும்போது பழைய முகவரிக்கு ஒரு அறிவிப்பு வந்திருக்க வேண்டும், பல நிறுவனங்கள் அதில் மாற்றத்தைத் திரும்பப் பெற ஒரு வழி வைத்திருக்கும். அப்படி எதுவும் வரவே இல்லை என்றால் உங்கள் மெயிலுக்குள் போய் ஃபில்டர்களையும் ஃபார்வர்டிங்கையும் பாருங்கள். கேம் நிறுவனத்திலிருந்து வரும் எதையும் நேராகக் குப்பைக்கு அனுப்பும்படி ஒரு ஃபில்டரைப் போட்டுவைப்பது இவர்களுடைய வழக்கம், குப்பையில் எல்லா அறிவிப்பும் வரிசையாகக் கிடக்கும். ஃபில்டர் இருந்தால் அவர்கள் மெயிலுக்குள் வந்திருக்கிறார்கள் என்பதும் உறுதி.

போனில் திடீரென்று சிக்னலே இல்லை, மறுபடி ஆன் செய்தாலும் இல்லை என்றால் உங்கள் நம்பரை வேறு சிம்முக்கு மாற்றியிருக்கலாம், வேறு போனிலிருந்து தொலைபேசி நிறுவனத்தை உடனே அழையுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

சப்போர்ட்டுக்கு எழுதும்போது கதை சொல்லாதீர்கள், ஆதாரம் கொடுங்கள். கணக்குத் தொடங்கிய மெயில், முதல் கொள்முதலின் ரசீது எண், எந்த வழியில் பணம் கட்டினீர்கள், பெட்டியில் வாங்கியிருந்தால் அதன் கீ, கன்சோல் என்றால் அதன் சீரியல் எண். திருடனிடம் உங்கள் பாஸ்வேர்டு இருக்கும், ஆறு வருடத்துக்கு முந்தைய ரசீது இருக்காது. ஒரே பிரச்சினைக்குப் பல டிக்கெட் போடாமல் அதே டிக்கெட்டில் பதில் எழுதுங்கள். அக்கவுண்டையே யாரிடமோ விலைக்கு வாங்கியிருந்தால் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்வீர்கள், ஏனென்றால் பழைய ரசீதெல்லாம் விற்றவரிடம்தான் இருக்கும், அவர் ஆறு மாதம் கழித்து "என் கணக்கு திருடுபோனது" என்று எழுதினால் அவருக்கே போகும்.

கார்டில் பணம் போயிருந்தால் வங்கியை அழைத்துக் கார்டை முதலில் முடக்குங்கள். ஆனால் அக்கவுண்டுக்குள் நடந்த கொள்முதலுக்கு உடனே சார்ஜ்பேக் (வங்கி வழியாகப் பணத்தைத் திரும்பப் பெறுவது) கேட்காமல், கேம் தளத்தின் சப்போர்ட்டிடம் பணத்தைத் திரும்பக் கேட்டுப் பாருங்கள், சார்ஜ்பேக் வந்தால் பல தளங்கள் கணக்கையே பூட்டிவிடும்.

உள்ளே திரும்பப் போனதும், பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலாக விரல்ரேகை அல்லது போன் பூட்டைக் கொண்டு நுழைவது) வசதி இருக்கிறதா என்று பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். நின்டெண்டோ 2023-லும் பிளேஸ்டேஷன் 2024-லும் கொண்டுவந்தன, மைக்ரோசாஃப்ட் கணக்கிலும் இருக்கிறது. பாஸ்கீ அந்தத் தளத்தின் முகவரியோடு கட்டப்பட்டது, போலித் தளத்தில் நீங்களே ஆசைப்பட்டாலும் அது வேலை செய்யாது. இல்லாத இடங்களில் ஆத்தென்டிகேட்டர் ஆப், அதாவது லாகின் கோடை போனிலேயே உருவாக்கும் ஆப். மீட்புக் கோடுகளைக் காகிதத்தில் எழுதி வையுங்கள், டெஸ்க்டாப்பில் நோட்பேடு ஃபைலாக வைத்தால் முதலில் திருடுபோவது அதுதான்.

அறிகுறி: "உன் அக்கவுண்டை நான் மீட்டுத் தருகிறேன்" என்று மெசேஜ் வருகிறது

அக்கவுண்ட் போனதை எங்காவது எழுதியிருப்பீர்கள், எழுதிய சில நிமிடங்களில் இவர்கள் வருவார்கள். எனக்கு ஒரு எத்திக்கல் ஹேக்கரைத் தெரியும், எனக்கு மீட்டுத் தந்தார், இந்த ஐடியில் பேசு என்பார்கள். முன்பணம் கேட்பார்கள், கொடுத்தால் "டூல் வாங்க" இன்னொரு தொகை. சில நேரம் திருடியவரே வந்து பணம் கொடுத்தால் திருப்பித் தருகிறேன் என்பார், கொடுத்தாலும் பின்கதவை மூடிவிட்டுப் போவார் என்று நம்ப வழியில்லை. நிறுவனத்தின் உள்ளே இருப்பவர்களைத் தவிர யாராலும் அந்த அக்கவுண்டை உங்கள் பெயருக்கு மாற்ற முடியாது, அந்த வேலைக்கு அவர்கள் பணம் கேட்க மாட்டார்கள். பிளாக் செய்துவிட்டு டிக்கெட் பக்கத்துக்குத் திரும்புங்கள். பதில் வந்ததா என்பதை மெயிலில் வரும் லிங்க் வழியாகப் பார்க்காமல், அந்தப் பக்கத்தை நீங்களே திறந்து பாருங்கள், நாளுக்கு ஒருமுறை போதும்.